பாலீஷ் போட்ட பயனெட்

மேனேஜர் சாரின் கண்ணாடி அலமாரியில் பத்தொன்பது பயனெட்டுகள் இருந்தன. பதினெட்டு கறுத்துக் கிடக்கும்; ஒன்று மட்டும் புதுமாப்பிள்ளை மாதிரி மின்னும். மின்ன வைத்த புண்ணியவதி நான்தான். இன்றைக்கும் பாத்திரக் கடையைக் கடக்கும்போது அந்த மினுமினுப்பு ஞாபகம் வந்து முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

கோவையில் ஒரு பம்பு கம்பெனியின் ஃபவுண்டரி லேபில் அப்போது எனக்கு வேலை. வார்த்து வரும் இரும்பில் ஒரு துண்டை வெட்டி, தேய்த்து, அமிலம் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து நல்லது கெட்டது சொல்ல வேண்டும். மேனேஜர் சார் உருக்குவதற்குப் பழைய இரும்பு வாங்குகிறவர். லாரி வந்து கொட்டும்போது குவியலுக்கு முன்னால் நிற்பார். பயனெட், அதாவது துப்பாக்கி முனையில் மாட்டுகிற பழைய பட்டாளத்துக் கத்தி, கண்ணில் பட்டால் உலைக்குப் போகவிடாமல் தனக்கென்று வாங்கிக்கொள்வார். அப்படித்தான் இந்தக் கிறுக்குப் பிடித்தது. பிறகு ஊர் ஊராகத் தேடிப் போகவும் ஆரம்பித்துவிட்டார். முறையாக அனுமதி வாங்கி, அந்தக் காகிதத்தையும் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். அருவாமனையைத் தவிர வேறு கத்தி ஊட்டுக்குள்ள வரக்கூடாது என்று அவர் மனைவி சொல்லிவிட்டதால் அத்தனையும் ஆபீஸ் அறையில் குடியிருந்தன.

இத்தனை கத்தி சேர்த்தவருக்கு ரத்தம் ஆகாது. கம்பெனியில் நடந்த மருத்துவ முகாமில் விரல் நுனியில் ஒரு சொட்டு எடுப்பதற்குள் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார். அப்படியும் நாற்காலியோடு சாய்ந்துவிட்டார். நாங்கள் ஒரு வாரம் சிரித்தோம், அவரும் சேர்ந்து சிரித்தார்.

அவருக்குக் கத்தியைவிட உறைமேல்தான் பிரியம். கத்தி இரும்பு, எங்கேயாவது கிடந்து பிழைத்துக்கொள்ளும். தோல் உறை மட்கிப்போகும் என்பார். பட்டாளத்தில் சில பயனெட்டுகளுக்குக் கத்தியிலும் உறையிலும் ஒரே எண்ணைக் குத்திக் கொடுப்பார்களாம். பிறகு கத்தி ஒரு பக்கம், உறை ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும். ஈரோட்டில் ஒரு பழைய சாமான் கடையில் அவருக்கு உறை மட்டும் கிடைத்தது. அதன் வாய்த்தகட்டில் 368 என்று இருந்தது. தாராபுரம் பக்கமிருந்து வந்தது என்று கடைக்காரர் சொன்ன ஒற்றை வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஏழு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் அலைந்தார். கடைசியில் அமராவதிக் கரையில் ஒரு தோப்பில் அதன் கத்தி மரக்கட்டையில் ஊன்றி நின்று தேங்காய் உரித்துக்கொண்டிருந்தது. தோப்புக்காரருக்குப் புதுக் கடப்பாரை ஒன்று வாங்கிக் கொடுத்து அதைக் கழற்றிக்கொண்டு வந்தார். “மத்ததெல்லாம் ஒண்டிக்கட்டைங்க. இது ஒண்ணுதான் ஜோடி” என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். இந்தக் கதையை நான் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். கத்தியில் எண் எங்கே இருக்கிறது என்று மட்டும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள். எங்கள் ஊரில் அன்றைக்கு ஸ்பேனர்கூட அழுக்காக இருக்கக் கூடாது. லேத்துகளைத் துடைத்து, தரையைக் கழுவி, கம்பெனியே ஈரமாகக் கிடந்தது. மேனேஜர் சார் பொரியும் பூசணிக்காயும் வாங்கப் போயிருந்தார். அலமாரியைத் துடைக்கப் போன நான், அவருடைய செல்லமான அந்தக் கத்தி கரியாய்க் கிடப்பதைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன். உறையிலிருந்து உருவி பாலீஷ் செக்‌ஷனில் கொடுத்தேன். முதலில் தேய்த்தெடுக்கும் எமரி பெல்ட், பிறகு மெருகேற்றும் துணிச் சக்கரம். பத்து நிமிடத்தில் முகம் பார்க்கலாம் போல ஆகிவிட்டது. சந்தனம் குங்குமம் வைத்து சாமி படத்துக்கு முன்னால் நிறுத்தினேன். அவர் வந்து பார்த்துப் பூரித்துப்போவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தார். கையில் எடுத்தார். பிடியை ஒட்டிய இடத்தில் கட்டை விரலை வைத்து மேலும் கீழும் தடவினார். அங்கேதான் எண் இருந்திருக்கிறது. கத்தியை வைத்துவிட்டுப் போய் எல்லோருக்கும் பொரி கொடுத்தார், எனக்கும் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை. அந்தப் பொரியைக் காகிதத்தில் மடித்து மேஜை டிராயரில் வைத்துவிட்டேன்.

லீவு முடிந்து வந்ததும் ஃபிட்டர் அண்ணன் ஒரு யோசனை சொன்னார். “நம்பர் குத்துற பஞ்ச் இருக்குதுங்களே சார். மூணு தட்டுத் தட்டுனாப் போச்சு.”

“அது நாம போட்ட நம்பரா ஆயிருமுங்க” என்றார் மேனேஜர் சார். பேச்சு அதோடு முடிந்தது.

ஆனால் பஞ்ச் என்ற சொல் என்னை விடவில்லை. லேபுக்கு வரும் துண்டுகளிலும் எண் குத்தியிருக்கும். அதை முழுக்கத் தேய்த்து எடுத்த பிறகும் அமிலம் தடவினால் சில சமயம் அந்த எண்ணின் நிழல் தெரியும். குத்தின அழுத்தம் இரும்புக்குள் கொஞ்ச தூரம் இறங்கியிருக்கும். எங்களுக்கு அது ஒரு தொல்லை. மேலும் தேய்த்து ஒழித்துவிட்டு வேலையைப் பார்ப்போம். அவரிடம் போய்ச் சொன்னேன். வராமலும் போகலாம், அமிலம் இன்னும் கொஞ்சம் அரிக்கவும் செய்யலாம் என்பதையும் மறைக்கவில்லை. எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். பிறகு கத்தியை என்னிடமே கொடுத்தார். கெடுத்தவள் கையிலேயே மறுபடி கொடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்?

பஞ்சு உருண்டையை அமிலத்தில் தொட்டுத் தடவினேன். அவர் ஊசி போட்டுக்கொள்கிறவர் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். துடைத்தேன், ஒன்றுமில்லை. மறுபடி தடவினேன். நாலாவது தடவை ஒரு மூன்று, கொசுவத்திச் சாம்பல் நிறத்தில். பிறகு ஆறு. எட்டில் கீழ்ப்பாதி மட்டும் வந்தது. கழுவி எண்ணெய் தடவி, “சார், திரும்புங்க” என்றேன்.

லென்ஸ் வைத்துப் பார்த்தார். “எட்டுல பாதிதானுங்க வந்திருக்குது” என்றேன்.

“பாதி போதுமுங்க அம்மணி. மீதி உறையில இருக்குதல்ல” என்றார். நான் லேபிலேயே உட்கார்ந்து அழுதேன்.

இப்போது அவர் ஓய்வு பெற்று ஆர்.எஸ்.புரத்தில் இருக்கிறார். எப்படியோ மனைவி மனமிறங்கி அந்த அலமாரிக்கு ஹாலில் ஒரு சுவரை விட்டுக் கொடுத்துவிட்டார். அங்கே ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைப்பது வருடந்தோறும் என் வேலை. சந்தனம் மட்டும்தான், துணியைக்கூடக் கையில் எடுப்பதில்லை. இந்த வருடமும் போனேன். முன்பெல்லாம் வாசலிலிருந்தே அதன் மினுமினுப்பு கண்ணில் குத்தும்; யாரும் துடைக்காததால் வருடத்துக்கு வருடம் மங்கிக்கொண்டே வந்தது. இந்தத் தடவை அலமாரியின் முன்னால் நின்று இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்க்கிறேன், பத்தொன்பதும் ஒரே கறுப்பு.

“ஏனுங்க சார், நம்ம கத்தி எதுங்க?” என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே 368 எண் போட்ட உறையையும் லென்ஸையும் என் கையில் கொடுத்தார். அந்த அரை எட்டைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது.