மூவறிவு எறும்பு

சுனந்தா நிமிஷத்துக்கு அறுபது வார்த்தை அடிப்பாள். திருவூடல் தெருவில் ஒரு மாடியில் எட்டு மெஷின் போட்டு டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தாள். ஆரணிப் பக்கத்து நயினார் வீட்டுப் பெண், சமணக் குடும்பம். இருட்டுவதற்குள் சாப்பிட்டுவிடுவாள். ஐந்தரைக்கு டிபன் டப்பாவைத் திறக்கும்போது எறும்பு ஏறியிருந்தால் ஊதி ஓரமாக அனுப்பிவிட்டுச் சாப்பிடுவாள்.

1982இல் செங்கம் ரோட்டு லாட்ஜ் ஒன்றின் மேனேஜர் கண்ணாயிரம், யோஹான் என்ற ஹாலந்துக்காரனை அவளிடம் அழைத்து வந்தார். அவன் கையில் நூறு பக்கம் கையெழுத்து. நாலு காப்பி வேண்டும் என்றான். அடித்துக்கொண்டே போனவள் பன்னிரண்டாம் பக்கத்தில் நிறுத்தினாள்.

"இது இன்னா சார், எல்லாப் பக்கத்துலயும் பூதம்?"

அது ஒரு விளையாட்டு. ஒருவர் குகையையும் அதில் வரும் பூதத்தையும் வாயால் சொல்ல வேண்டும். மற்றவர்கள் காகிதத்தில் ஆளுக்கொரு வீரன். ஒவ்வொருவனுக்கும் எட்டு உயிர். வெட்டு விழுமா விழாதா என்பதை இருபது முகம் உள்ள பகடை சொல்லும். உயிர் பூஜ்யமானால் செத்தாய்.

யோஹானுக்கு ஆள் தேவைப்பட்டது. கண்ணாயிரம் திருடனானார். திருடனின் மூட்டையில் என்னென்ன என்று கேட்டபோது அரிசி, எண்ணெய், கட்டிப் பெருங்காயம் என்று லாட்ஜ் மளிகை லிஸ்டையே எழுதிக் கொடுத்தார். ஃபியூஸ் போட வந்த மின்வாரிய லைன்மேன் வேடியப்பன் கத்தி வீரனாகி உட்கார்ந்துவிட்டான். அவளிடம் டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரி நர்ஸ் உண்ணாமலை வைத்தியச்சி. ஞாயிறு மூன்று மணிக்கு ஆரம்பித்தால் சுனந்தாவின் டிபன் டப்பா திறக்கும்வரை நடக்கும்.

யோஹானுக்கு விசா முடிந்தது. பகடையையும் ஒரு காப்பியையும் சுனந்தாவிடம் கொடுத்தான். இனி நீதான் பூதங்களுக்கு அதிகாரி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினான்.

வாரத்தில் ஆறு நாள் மற்றவர்கள் எழுதியதை அவள் அடித்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னது நடக்கும் என்றால் சும்மாவா?

முதல் ஞாயிறு, காகிதத்தில் இருந்தபடியே ஒரு பூதத்தை இறக்கினாள். கால் மணி நேரத்தில் மூன்று பேரும் செத்தார்கள். டீ கூட வந்து சேரவில்லை.

"சாவறதுக்கா லாட்ஜை வுட்டுட்டு வரேன்?" என்றார் கண்ணாயிரம்.

"பாவம், மேனேஜர் மூணாவதாத்தான் செத்தாரு," என்றான் வேடியப்பன். "ஓடினதுல கொஞ்சம் லேட்டு."

அடுத்த ஞாயிறு பூதத்தின் அடியைப் பாதியாகக் குறைத்தாள். போன வாரம் செத்தவர்கள் எழுந்துகொண்டார்கள். ஆறு பூதம் வந்தது, ஆறும் விழுந்தது. வேடியப்பன் கொட்டாவி விட்டான்.

"டீச்சர், கம்பத்துல கரண்ட் இல்லனு தெரிஞ்சா நான் பாட்டுப் பாடிக்கினே ஏறுவேன். இது அந்த மாதிரி இருக்குது."

"போன வாரம் ஜாஸ்தி, இந்த வாரம் கம்மி," என்றார் கண்ணாயிரம். "இன்னும் ஒரு வாரம் பாக்கறேம்மா. அதுவும் இப்படினா நான் மேட்னிக்குப் போறேன்."

அவர் போனால் அவர் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வரும் வேடியப்பனும் போவான். உண்ணாமலை ஒருத்தியை வைத்துக்கொண்டு குகைக்குள் போக முடியாது.

அந்த வாரம் முழுக்க சுனந்தா காப்பியைப் புரட்டினாள். பூதத்தின் பெயர், பக்கத்தில் ஓர் எண், அதற்குப் பிறகு அடியின் கணக்கு. அடி புரிந்தது. உயிர் எல்லாப் பூதத்துக்கும் எட்டு என்றே வைத்திருந்தாள். நடுவில் இருந்த எண் எதற்கு என்று யோஹான் சொல்லவே இல்லை. அவன் எல்லாவற்றையும் மனப்பாடமாக நடத்தினவன். வெள்ளிக்கிழமை அவள் கண்ணில் ஒரு வரி பட்டது. ராட்சத எறும்பு: 3.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது தெரியாதா? அவர்கள் வீட்டில் குழந்தைகள் ஒன்று இரண்டு படிக்கும்போதே படிப்பது. மரத்துக்கு ஓரறிவு, புழுவுக்கு ஈரறிவு, எறும்புக்கு மூவறிவு. தொடும், ருசிக்கும், முகரும். கண் கிடையாது, காது கிடையாது. ஹாலந்துக்காரனுக்கும் தெரிந்திருக்கிறது.

ஞாயிறு அடியைக் குறைக்கவில்லை.

"மலைக்கு அடியில ஒரு சுரங்கம்," என்று ஆரம்பித்தாள்.

"நம்ம சாமி மலையா? வேணாம் சுனந்தா, பாவம்," என்றாள் உண்ணாமலை.

"வேற மலை, அக்கா. லாரி சைஸுக்கு ஒரு எறும்பு. வழியை அடைச்சிக்கினு நிக்குது. அந்தப் பக்கம் வாசல்."

வேடியப்பன் வெட்டினான். பகடையில் நாலு. எறும்பு கடித்தது. எட்டில் ஆறு உயிர் போய் இரண்டு மிச்சம். அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"டேய், பின்னால வாடா!" கண்ணாயிரம் நிஜமாகவே கத்தினார். கீழே தெருவில் யாரோ அண்ணாந்து பார்த்தார்கள்.

"எறும்பு திரும்பல," என்றாள் சுனந்தா.

"அந்தக் கத்தலுக்கா?" உண்ணாமலை பென்சிலைக் கீழே வைத்தாள். "வேடியப்பா, உன் தீப்பந்தத்தை அது மூஞ்சிக்கு நேரா ஆட்டு."

"ஆட்டிட்டேன்."

"அப்பவும் அசையல," என்றாள் சுனந்தா. " தலைமேல இருக்கிற கொம்பு ரெண்டும் தரையைத் தடவுது. வேடியப்பனோட ரத்தம் சொட்டின வழியா வருது."

"ஐயோ, வாசனை பிடிக்குது!" என்றாள் உண்ணாமலை. "ஆஸ்பத்திரினா பினாயில் ஊத்தலாம். உங்க மூட்டையில நாத்தம் புடிச்சது எதுனா இருக்கா சார்?"

கண்ணாயிரம் தன் காகிதத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"பெருங்காயம்!"

எண்ணெயில் குழைத்து வேடியப்பனின் மேல் பூசினார்கள். மிச்சத்தைத் தரையில் கோடாக இழுத்தார்கள். கண்ணாயிரம் பகடையை இரண்டு கையிலும் வைத்துக் குலுக்கினார். பதினெட்டு. எறும்பு கோட்டுக்கு வந்து கொம்பை இழுத்துக்கொண்டது. பின்வாங்கி ஓரமாக ஒதுங்கியது. சுவரோடு ஒட்டிக்கொண்டு ஒவ்வொருவராகக் கடந்தார்கள். இரண்டு உயிரோடு வேடியப்பன் கடைசியில் வந்தான். அதுவரை யாரும் டீயைத் தொடவில்லை.

"கொல்லாம வந்துட்டோமே. பாயிண்ட் உண்டா டீச்சர்?"

"உண்டு," என்றாள் சுனந்தா. "ஜாஸ்தி உண்டு."

வெயில் மலைக்குப் பின்னால் போயிருந்தது. அவள் டப்பாவைத் திறந்து அவசரமாகச் சாப்பிட்டாள்.

"மலைதான் மறைச்சிருக்கு, பொழுது இன்னும் இருக்குது, நிதானமா சாப்பிடும்மா," என்றார் கண்ணாயிரம். "அடுத்த வாரம் ரெண்டு மணிக்கே வந்துடறோம்."

நாலு மாதம் கழித்து யோஹானின் கடிதம் வந்தது. ஞாயிறு அதை உரக்கப் படித்துத் தமிழில் சொன்னாள். அந்த எண்ணைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டானாம். பூதத்தின் உயிரைக் கணக்கிட எத்தனை பகடை உருட்ட வேண்டும் என்பதாம். எறும்புக்கு மூன்று பகடை. அவள் இத்தனை நாள் அவர்களுக்குச் சொல்லிவந்த அறிவுக் கணக்கு இல்லை.



"அப்போ அந்த எறும்புக்குக் காது உண்டா?" என்றான் வேடியப்பன்.

"அதெல்லாம் கிடையாது," என்றார் கண்ணாயிரம். "அவன் ஊர் எறும்புக்கு இருந்துட்டுப் போகட்டும். என் பெருங்காயம் பெருங்காயம்தான்."

சுனந்தா கடிதத்தை மடித்து ஒன்றாம் நம்பர் மெஷினின் ஆடுகிற காலுக்கு அடியில் வைத்தாள். மெஷின் ஆடாமல் நின்றது. காப்பியைத் திறந்தாள்.

"இன்னைக்கு வர்றதுக்கு நம்பர் நாலு."

"வண்டு மாதிரியா?" என்றாள் உண்ணாமலை. "நாலுன்னா கண்ணு உண்டே!"

வேடியப்பன் பந்தத்தை அணைத்துவிட்டேன் என்றான்.