அளித்தவர் பெயர்

பிரசவ வார்டில் அவளுக்குத் தண்ணியக்கா என்று பெயர். பதினெட்டு வருடங்களுக்கு முன் அங்கே வேலை பார்த்த ஆயா ஒருத்தி வைத்தது. ஆயா ஓய்வு பெற்றுப் போய்விட்டாள், பெயர் ஒட்டிக்கொண்டது. மின்சார இலாகாவில் கம்பம் ஏறும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவள் கணவர் மட்டும் அதைக் கேட்டால் நெளிவார். "வெளியில யார் காதுலயாவது விழுந்தா, குடிக்கிறது நானா நீயான்னு ஊரே ஆராய்ச்சி பண்ணும்" என்பார்.

பெயர் வந்த காரணம் வேறு. அது மறைமாவட்டம் நடத்தும் மருத்துவமனை. கத்தோலிக்கப் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளை பிழைக்காது போலிருந்தால், தாயிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, திருமுழுக்கு என்கிற ஞானஸ்நானத்தை அவளே கொடுத்துவிடுவாள். கொடுக்க வேண்டியவர் குருவானவர்தான். ஆனால் உயிர் போகும் நேரத்தில் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், ஆணோ பெண்ணோ, என்று திருச்சபையே சொல்கிறது. இருபது வயதில் செவிலியர் பள்ளியில் அவளுக்குக் கற்றுக்கொடுத்த முதல் பத்துப் பாடங்களில் அதுவும் ஒன்று. மூச்சு நின்ற பிறகு ஊற்றிப் பயனில்லை. அதனால் இடது கை ஆக்சிஜன் பையை அமுக்கிக்கொண்டிருக்கும்போதே வலது கை சின்ன எவர்சில்வர் டம்ளரிலிருந்து மூன்று முறை தலையில் ஊற்றும். கொதித்து ஆறிய தண்ணீர், வெதுவெதுப்பாக. தந்தை, மகன், தூய ஆவியார் மூவர் பெயரையும் சொல்லி ஊற்றுவாள்.

ஊற்றி முடித்ததும் எழுதுவாள். தேதி, மணி, நிமிடம், எடை, பெற்றோர் பெயர், பிள்ளைக்கு இட்ட பெயர், சாட்சியாக நின்ற செவிலி. ஒரு சீட்டு அந்தப் பகுதிக் கோயிலின் பங்கு அலுவலகத்துக்குப் போகும். இன்னொரு பிரதி அவளுடைய நீல அட்டை நோட்டில் ஏறும். முப்பத்தொரு வருடங்களில் இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். பிழைத்தவை அறுபத்து நான்கு. மற்ற நூற்று நாற்பத்தெட்டும் போய்விட்டன, பெரும்பாலும் அன்றைக்கே.

இருநூற்றுப் பன்னிரண்டாவது அவளுடைய சொந்தப் பேத்தி.

மகளுக்கு இருபத்தொன்பதாவது வாரத்திலேயே வலி வந்துவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை மாலை மூன்று ஐம்பதுக்குப் பிறந்தாள். ஆயிரத்து நூற்று நாற்பது கிராம். உரித்த எலிக்குஞ்சு மாதிரி இருந்தாள். டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டார். நான்கு பன்னிரண்டுக்குத் தண்ணியக்கா ஊற்றினாள். ஊற்றியதில் ஒன்றும் தவறவில்லை. சீட்டு எழுதும்போதுதான் தேதியைத் தவறாக எழுதினாள். அதனால் இரண்டாவது சீட்டு எழுத வேண்டியதாயிற்று.

அறுபத்தொரு நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்து பிள்ளை பிழைத்தாள். ஐந்தாம் மாதம் நான்கு கிலோ தொள்ளாயிரம். மீதிச் சடங்குகளுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். அவசரத்தில் திருமுழுக்கு பெற்ற பிள்ளை பிழைத்தால் அப்படித்தான் செய்வது: எண்ணெய் பூசுவார்கள், வெள்ளை உடை போடுவார்கள், மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். தண்ணீர் மட்டும் திரும்ப ஊற்றமாட்டார்கள். ஒரு ஆளுக்குத் திருமுழுக்கு ஒரே ஒரு முறைதான்.

பங்குத்தந்தை ஏழு மாதத்துக்கு முன் வந்தவர். வயது முப்பத்து நான்கு. முந்திய வியாழக்கிழமையே அவள் அலுவலகத்துக்குப் போய் விவரம் சொல்லியிருந்தாள். அவரும் தலையாட்டியிருந்தார். ஆனால் திருமுழுக்குத் தொட்டிக்கு அருகே வந்ததும் பிள்ளையின் தலையைத் தாழ்த்திப் பிடிக்கச் சொன்னார். எண்ணெய்க்காக என்று நினைத்து மகள் தாழ்த்தினாள். அவர் கையில் இருந்தது தண்ணீர் மொள்ளும் வெள்ளிச் சிப்பி.

தண்ணியக்கா உள்ளங்கையைப் பிள்ளையின் தலைமேல் வைத்து மூடினாள். தண்ணீர் அவள் புறங்கையில் விழுந்து முழங்கை வழியாக ஓடியது.

"ஃபாதர், தண்ணி ஊத்தியாச்சு."

"தெரியும்மா. இது சும்மா ஒரு நிச்சயத்துக்குத்தான்."

"என்ன நிச்சயம் இல்லாம போச்சு?"

அவர் குரலைத் தாழ்த்தி விளக்கினார். அவசரத்தில் வார்த்தை தவறியிருக்கலாம், தண்ணீர் தலையில் படாமல் வழிந்திருக்கலாம், யாரைக் குற்றம் சொல்ல முடியும் என்றார். "அதுவும் சொந்தப் பேத்தி. பதற்றத்துல இருந்திருப்பீங்க."

"இருநூத்திப் பன்னெண்டு தடவை ஊத்தியிருக்கேன் ஃபாதர். நீங்க?"

மூன்றாவது வரிசையில் யாரோ சிரித்தார்கள். பங்குத்தந்தையின் காது சிவந்தது. மருமகன் அவள் தோளைத் தொட்டு, "அத்தை, விடுங்க. தண்ணிதானே" என்றான்.

"தண்ணிதான் மாப்பிள்ளை. அதான் விட மாட்டேன்."

மகளின் கையிலிருந்து பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடுப்பாதை வழியாக வெளியே போனாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்த சொந்தங்கள் சாப்பிட்டதும் கிளம்பிவிட்டார்கள். படம் எடுக்க வந்தவன் வெறுங்கையோடு திரும்பினான். சம்பந்தியம்மா மட்டும் போகும்போது, ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் நடக்கிறது நம் பிள்ளைக்கு நடக்கக் கொடுத்துவைக்கவில்லை என்று, சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் திங்கள். பணி முடிந்து இரண்டேகால் மணிக்கு அவள் பங்கு அலுவலகத்துக்குப் போனாள். பழைய பிள்ளைகளுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று காட்டினால் பங்குத்தந்தைக்குப் புத்தி வரும் என்பது அவள் எண்ணம். எழுத்தர் இருபத்தாறு வருடங்களாக அங்கே இருப்பவர். அவளிடமிருந்து சீட்டுகளை வாங்கிக் கம்பியில் குத்துகிறவர் அவர்தான். திருமுழுக்குப் பதிவேட்டை எடுத்துத் தரத் தயங்கினார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எடுத்துத் தந்தார்.

ஆறாவது கட்டத்துக்கு மேல் 'அளித்தவர்' என்று அச்சடித்திருந்தது.

அவள் நோட்டை ஒரு பக்கமும் பதிவேட்டை ஒரு பக்கமும் வைத்து, விரலை ஓட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிழைத்த அறுபத்து மூன்று பிள்ளைகளும் இருந்தன. அறுபத்து மூன்றிலும் அளித்தவர் அந்தந்தக் காலத்துப் பங்குத்தந்தை. நாள்கூட வார்டில் ஊற்றிய நாள் இல்லை. கோயிலில் எண்ணெய் பூசிய நாள். ஐந்து பங்குத்தந்தையர், ஐந்து கையெழுத்து, ஒரே பொய்.

செத்துப்போன பிள்ளைகள் ஒன்றுகூட இல்லை.

"இதுங்க சீட்டெல்லாம் எங்க?"

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். செத்த பிள்ளைக்குச் சான்றிதழ் கேட்டு யார் வரப்போகிறார்கள் என்று முன்பிருந்த பங்குத்தந்தை சொன்னாராம். கம்பி நிறைந்ததும் கழித்துவிடுவார்களாம்.

"கழிச்சுருவீங்களா?"

"ஃபாதர் எழுதச் சொல்லல சிஸ்டர். நான் என்ன பண்றது?"

"பேனா உங்க கையிலதானே இருந்துச்சு?"

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். அவள் தன் நோட்டை எடுத்துக்கொண்டாள். எழுந்து வெளியே வந்தபோது கோயில் வாசலில் நான்கு பெண்கள் பீட விரிப்புகளைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். இருபது வருடங்களாக மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவளும் அதைத்தான் செய்கிறாள். பங்குத்தந்தையின் அங்கியையும் துவைத்துக் கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் தேய்த்துக் கொடுத்திருக்கிறாள். அதை உடுத்திக்கொண்டு ஐந்து பேர் அவள் செய்ததைத் தாங்கள் செய்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

குருவானவர் ஆக வேண்டும் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்பது தெரிந்த சங்கதி. ஆனால் பிள்ளை சாகப்போகிறது என்றால் இந்தக் கை போதும், பிழைத்துவிட்டால் போதாது என்றால், அது எந்த ஊர் நியாயம்? சாவுக்கு முன்னால் மட்டும் நிமிர்ந்து நிற்க விட்டு, சாவு ஒதுங்கிக்கொண்டதும் பின்வரிசைக்குப் போகச் சொல்கிறார்கள். வீடு வரை இரண்டு கிலோமீட்டர். பேருந்தை விட்டுவிட்டு நடந்தே போனாள். அவ்வளவு தூரம் நடந்தும் கோபம் ஆறவில்லை.

அன்று மாலையே மறைமாவட்டத் தலைவரான ஆயரின் இல்லத்துக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினாள். கணவர் படித்துப் பார்த்துவிட்டு, காரமாக இருக்கிறது, கொஞ்சம் குறைக்கலாமே என்றார். அவள் குறைக்கவில்லை. ஒரு எழுத்துப்பிழையை மட்டும் திருத்தினாள்.

இருபத்து மூன்றாம் நாள் பதில் வந்தது, பங்குத்தந்தையின் பெயருக்கு. அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். கடிதத்தில் இருந்தது ஒன்பது வரி. செவிலியர் அளித்த திருமுழுக்கு செல்லும். தகுந்த சந்தேகம் இல்லாமல் திரும்ப அளிக்கக் கூடாது. அளித்தவர் கட்டத்தில் அந்தச் செவிலியர் பெயரையே எழுத வேண்டும்.

படித்து முடித்து, எழுத்தரைக் கூப்பிட்டு, பேத்தியின் பதிவில் அவள் பெயரை எழுதச் சொன்னார் பங்குத்தந்தை. நல்ல மனிதர்தான், வருத்தம் தெரிவிக்கவும் செய்தார். அவள் நன்றி சொல்லுவாள் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது.

"மத்த அறுபத்து மூணு?"

பழைய பக்கங்களைத் தொட முடியாது என்றார். அதில் கையெழுத்துப் போட்ட இருவர் உயிரோடு இல்லை, அவர்களுக்குத் தலைகுனிவு.

"செத்த நூத்தி நாப்பத்தெட்டு?"

"அதுங்க எல்லாம் கடவுள்கிட்ட இருக்கும்மா. கடவுளுக்குப் பதிவேடு எதுக்கு?"

"கடவுளுக்கு வேண்டாம். நீங்கதானே அச்சடிச்சு வச்சிருக்கீங்க."

கோபத்தைக் கொஞ்சம் விடுங்கள், கோயிலுக்கு இவ்வளவு செய்த பெண்மணிக்கு இது அழகில்லை என்று அவர் மென்மையாகச் சொன்னார். மென்மைதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றே பேசினாள். இனிமேல் சீட்டு அனுப்பமாட்டாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அவள் ஊற்றுவாள். ஊற்றிய கையோடு அவருக்குப் போன் செய்வாள். அவரே வந்து பார்த்து அவரே எழுதிக்கொள்ளட்டும். "கூப்பிட்டா வரணும் ஃபாதர். குருப்பட்டம் உங்ககிட்டதானே இருக்கு."

ஆறு நாள் கழித்து, திங்கட்கிழமை காலை பத்து இருபதுக்கு ஒரு ஆண் பிள்ளை பிறந்தான். எண்ணூற்று எழுபது கிராம். முகம் நீலம். தகப்பன் தச்சர், வேலைத் துணியோடு, தலையில் மரத்தூளோடு வந்து வெளியே நின்றிருந்தார். பத்து இருபத்தேழுக்கு அவள் ஊற்றினாள். பத்து முப்பதுக்குப் போன் செய்தாள். பங்குத்தந்தை ஸ்கூட்டரில் வந்து சேரும்போது பதினொன்று ஐந்து. பிள்ளை போய்ப் பதினோரு நிமிடம் ஆகியிருந்தது.

அவர் அதற்கு முன் அந்த அறைக்குள் வந்ததே இல்லை. தாயின் கட்டிலருகே நின்று ஜெபம் சொன்னார். துணியில் சுற்றிய பிள்ளையை அவள் அவர் கையில் கொடுத்தாள். கனமே இல்லாததைத் தாங்கத் தெரியாமல் இரண்டு முழங்கையையும் உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டார்.

அவள் இரங்கவில்லை. பிள்ளையைத் திரும்ப வாங்கித் தாயிடம் கொடுத்துவிட்டு, மேஜைமேல் ஒரு வெற்றுச் சீட்டை வைத்தாள்.

"எழுதுங்க ஃபாதர்."

எழுதினார். மணி கேட்டார், சொன்னாள். எடை கேட்டார், சொன்னாள். பிள்ளையின் பெயரைத் தச்சரே வந்து சொன்னார். கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது.

"யாரு கொடுத்தா?" என்றாள்.

அவர் அவள் பெயரை முழுதாக, தகப்பன் பெயரோடு எழுதினார். சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டே, "அந்த நோட்டைச் சனிக்கிழமை கொண்டு வாங்க" என்றார்.

செத்துப்போன பிள்ளைகளிலிருந்து தொடங்க வேண்டும் என்றாள், அவர் மறுக்கவில்லை. அவள் வாசிக்க, எழுத்தர் எழுத, அவர் கையெழுத்திட்டார். முதல் சனிக்கிழமை ஒன்பது. அடுத்தது பன்னிரண்டு. மூன்றாவது பதின்மூன்று. நான்காவது வாரம் எழுத்தருக்குக் கைவலி, பத்துதான் முடிந்தது. இடையில் ஒரு ஞாயிறு பேத்திக்கு எண்ணெய் பூசி வெள்ளை உடை போட்டார்கள். தண்ணீர்த் தொட்டியின் மூடியை யாரும் திறக்கவில்லை. சம்பந்தியம்மா படத்தில் சிரித்தபடி நின்றார்.

ஐந்தாவது சனிக்கிழமைக்குள் பங்குத்தந்தைக்கு மாற்றல் வந்துவிட்டது. புதியவர் ஐம்பது கடந்தவர், சாந்தமானவர். இந்த வேலையைப் பற்றித் தனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை என்றார். நாற்பத்து நான்கு எழுதியாயிற்றே, பெரிய காரியம், அதோடு நிறுத்திக்கொள்ளலாமே என்றார். எழுத்தர் பதிவேட்டை மூடிப் பீரோவில் வைக்கக் கையை நீட்டினார்.

தண்ணியக்கா பதிவேட்டின் மேல் தன் நோட்டை வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நாற்பத்தைந்தாவது பிள்ளை, பெண், வியாழக்கிழமை காலை எட்டு ஐம்பத்து மூன்று, ஆயிரத்து இருபது கிராம் என்று உரக்க வாசித்தாள். புதியவர் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் அவளைப் பார்த்தார்.

"எழுதுங்க" என்றாள். "இன்னும் நூத்தி நாலு இருக்கு. அப்புறம் அந்த அறுபத்து மூணு."

எழுத்தர் பேனாவின் மூடியைத் திறந்தார்.