எந்த ஓம்?

குருமண்வெளித் துறையில் மண்டூருக்குப் போகும் பாதைக்காக நிற்கிறேன். வாவியைக் கடக்கும் மிதவைப் படகுக்கு இங்கே பாதை என்றுதான் பெயர்.

பக்கத்தில் நிற்கும் ஆட்டோக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். தயங்கித் தயங்கித் தன் கைபேசியை என்னிடம் நீட்டுகிறார்.

“அண்ணன், மண்டூரில தைக்கிற பிள்ளை ஒண்டு. என்னைக் கட்டச் சம்மதமா எண்டு நேற்றுக் கேட்டு அனுப்பின நான். இப்பதான் பதில் வந்திருக்கு.”

திரையில் ஒரே சொல்: ‘ஓம்’.

“சம்மதம் என்றுதானே சொல்லியிருக்கிறார்!”

“நீங்க இந்தியா, உங்களுக்கு விளங்காது. கேட்டிற்றன் எண்டுறதுக்கும் ஓம்தான். நம்பாட்டி, ‘ஓமோ?’ நக்கலா ‘ஓம் ஓம்’ எண்டா, நடக்கவே நடக்காது. குரலைக் கேட்டாத்தான் தெரியும்.”

“கூப்பிட்டுக் கேளுங்களேன்.”

பாதை வந்து கரை தட்டுகிறது. அவர் ஆட்டோவை ஏற்றாமல் ஓரமாகப் போய் அழைக்கிறார்.

“எந்த ஓம் புள்ள அது?” என்று கேட்கிறார்.

மறுமுனையில் எழும் சிரிப்பு எனக்கே கேட்கிறது. பிறகு அந்தப் பெண் ஏதோ சொல்கிறாள். இவர் முகம் மலர்கிறது.

“ஞாயிறு என்ட அம்மாவையும் கூட்டிற்று என்னை வரட்டாம்!”

பாதை எங்களை விட்டுவிட்டு நடு வாவிக்குப் போய்விட்டதை இருவரும் அப்போதுதான் பார்க்கிறோம்.