என் கறுப்பைத் திருப்பித் தந்தவர்

போன வருடம் ஆகஸ்டு மாதம், ஒரு திங்கட்கிழமை காலை கண்ணாடியைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டேன். இரண்டு கன்னமும் தீப்பட்டதுபோல் சிவந்து வீங்கியிருந்தன. தண்ணீர் பட்டாலே எரிந்தது. நிச்சயதார்த்தத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. செத்துவிடலாம் என்று தோன்றியது. இதை நான் மறைக்கப் போவதில்லை. மறைத்ததால் வந்த வினைதான் இது.

நான் கறுப்பு. அப்பாவும் அம்மாவும் கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். இன்று மேல்நிலை வகுப்புக்கு வேதியியல் நடத்துகிறேன். பெருமையாகத்தான் சொல்கிறேன். ஆனால் சகோதரிகளே, நம் சபையில், "நெறந்தான் கொற, மத்தபடி நல்ல பிள்ள" என்றுதான் என்னை அறிமுகம் செய்வீர்கள். கர்த்தர் பார்ப்பது உள்ளான அழகைத்தான் என்று பிறகு ஆறுதலும் சொல்வீர்கள். வெளுத்த பெண் ஒருத்திக்கு அந்த ஆறுதலை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நம்மிடம் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க நேரே வீட்டுக்கு வருவதில்லை. ஞாயிறு ஆராதனைக்கு விருந்தாளிபோல் வந்து பெண்கள் பக்கம் உட்காருவார்கள். அன்று வேதபாடம் வாசிக்கப் பெண்ணை எழுப்புவீர்கள். பிடிக்காவிட்டால் சத்தமில்லாமல் போய்விடலாம். நான் மூன்று தடவை வாசித்தேன். மூன்று குடும்பமும் மதியச் சாப்பாட்டுக்கு நிற்கவில்லை.

நாலாவது வரன் தேனி. போதகரின் மனைவி, நம் போதகர் அம்மா, என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஏத்தா, அவுக அடுத்த மாசம் வர்றாக. இருவத்தோரு நாள் உபவாசம் போடுவோம். கூடவே இதையும் பூசு. கேட்டு வாங்கியாந்தது. ஆருகிட்டயும் சொல்லாத."

பெயர் அச்சடிக்காத டப்பா. உள்ளே என்ன இருக்கிறது என்று வேதியியல் படித்த நான் கேட்கவில்லை.

பத்தாம் நாள் வெளுத்தேன். இருபதாம் நாள் பளபளத்தேன். மாப்பிள்ளையின் அம்மா வந்தார், நான் வாசிப்பதைப் பார்த்தார், சாப்பாட்டுக்கும் நின்றார். "பிள்ள மொகத்துல தேவ மகிமை தெரியுது" என்றார். அடுத்த ஞாயிறு, உபவாசத்தினால் கர்த்தர் என் முகத்தைப் பிரகாசிக்கச் செய்தார் என்று மைக்கில் சாட்சி சொன்னேன். டப்பாவைப் பற்றி மூச்சு விடவில்லை. நீங்கள் கைதட்டினீர்கள். எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டியவர் போதகர் அம்மா.

டப்பா தீர்ந்த ஒரு வாரத்தில் அந்தத் திங்கட்கிழமை வந்தது.

அதில் ஸ்டீராய்டு இருக்கிறது என்றார் தோல் டாக்டர். "திரும்பப் பூசினா உடனே அடங்கும். ஆனா தோல் கெட்டுப்போயிரும். நிறுத்தினா மாசக்கணக்கா எரியும், பொறுத்துக்கணும்." வீட்டுக்கு வந்தால் போதகர் அம்மா புது டப்பா அனுப்பியிருந்தார். நிச்சயம் முடியும்வரை பூசச் சொல்லியிருந்தார்.

டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு முழங்காலில் நின்றேன். ஆண்டவரே, என் முகத்தைக் கொடும் என்றேன். எந்த முகத்தை என்று எனக்கே தெரியவில்லை.

அப்போது ஜெபா வந்தாள். ஒன்பதாம் வகுப்பு படிப்பவள், நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளை. என்னைவிடக் கறுப்பு. முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். அவள் உதடு காய்ந்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, நீங்க சாட்சி சொன்னீகள்ல, அதுக்கு முழுசா பட்டினி கெடந்தீகளா? நான் ஆறு நாளா மதியம் சாப்பிடல. இன்னும் வெளுக்கல. எனக்கு விசுவாசம் பத்தலையாக்கா?"

கர்த்தர் எனக்குத் தந்த பதில் அதுதான். என்னை அடித்ததுபோல் இருந்தது.

முக்காட்டை எடுத்தேன். "இத உபவாசம் செய்யலடி. களிம்பு செஞ்சது. நான் பொய் சொன்னேன்" என்றேன். அவள் கிட்ட வந்து என் கன்னங்களைப் பார்த்தாள். "அப்ப நான் சாப்பிடலாமா?" என்றாள். சோறு போட்டேன். அவள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே டப்பாவைக் குப்பையில் கொட்டினேன். ஆண்டவரே, என் கறுப்பைத் திருப்பிக் கொடும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டேன்.

அந்த ஞாயிறு, வெந்த முகத்தோடு அதே மைக்கில் உண்மையைச் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. மாலையே மாப்பிள்ளை வீட்டார் போன் செய்து நிச்சயத்தை நிறுத்தினார்கள்.

"சபையவே அசிங்கப்படுத்திட்டியே" என்றார் போதகர் அம்மா.

"டப்பா ஒங்களுது, பொய் என்னுது. என் பங்க நான் சொல்லிட்டேன்" என்றேன்.

ஏழு மாதம் எரிந்தது. எரியும் முகத்தோடுதான் பாடம் நடத்தினேன். பொதுத்தேர்வுப் பணிக்குக் கிளம்பிய ஒரு மார்ச் காலை கண்ணாடியைப் பார்த்தேன். நெற்றி முதல் தாடை வரை ஒரே கறுப்பு. தழும்பு இல்லை, திட்டு இல்லை. என் அப்பாவின் கறுப்பு. உட்கார்ந்து அழுதேன், ஸ்தோத்திரம் சொன்னேன்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு டப்பா இருந்தால், எரியும் என்று பயந்து வைத்துக்கொண்டிருக்காதீர்கள். என்னைத் தாங்கியவர் உங்களையும் தாங்குவார். நம்பிக் கேளுங்கள். கேட்கும்போது அவர் உண்டாக்கிய முகத்தையே கேளுங்கள்.

நான் இப்போதும் வேதபாடம் வாசிக்கிறேன். பார்க்க வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும். ஆராதனை முடிந்ததும் சாப்பாட்டு வரிசையில் ஜெபா முதல் ஆளாக நிற்கிறாள். பரிமாறுவது நான்தான். இரண்டாம் தடவையும் சோறு கேட்கிறாள்.