ஆண்கள் பக்கத்து முதல் பெஞ்சு

மூன்று வருடங்களுக்கு முன்பு திருப்பதியில் ஒரு கல்லூரியில் பி.எட். முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். வீடு சித்தூரில்; வீட்டில் பேச்சு தமிழ். மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. காலையில் அவளை மாமியாரிடம் விட்டுவிட்டு பஸ் ஏறுவேன். குழந்தை பால் குடித்திருப்பாளா, உடம்பு சுட்டிருக்குமோ, இந்த வயதில் அவளை விட்டுவிட்டு எனக்குப் படிப்பு தேவைதானா என்று வழியெல்லாம் மனசு அடித்துக்கொள்ளும்.

எனக்கு வலது காது கேட்காது. சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து நரம்பு போய்விட்டது. மெஷின் வைத்தாலும் பயனில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். இடது காது நன்றாகவே கேட்கும். பேசுகிறவர் எனக்கு இடது பக்கம் இருந்தால் போதும்.

எங்கள் வகுப்பில் பெண்களுக்கு இடது வரிசை, ஆண்களுக்கு வலது வரிசை. யார் வைத்த வழக்கமோ, யாரும் மாற்றியதில்லை. சார் நடுவில் நடந்துகொண்டே நோட்ஸ் சொல்வார். அவர் குரல் வருவதெல்லாம் என் கேட்காத காதுப் பக்கம். கேட்கிற காதுக்கு ஜன்னலும் ரோட்டு ஹாரனும்தான். பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதியே ஒப்பேற்றிவந்தேன். ஒரு நாள், நாங்கள் மாதிரி வகுப்பு எடுக்க வேண்டிய தேதியை முன்னதாக மாற்றியதை சார் வாயால் மட்டும் சொல்லியிருக்கிறார். என் காதில் விழவில்லை. தயாரில்லாமல் நின்று, அந்த மதிப்பெண் போயிற்று. இன்னொன்றும் போனால் அந்த வருடமே போய்விடும்.

சாரிடம் போய், வலது வரிசையில் முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளட்டுமா என்று கேட்டேன். அது பாய்ஸ் சைடும்மா என்றார். பெண்கள் வரிசையிலேயே முன்னால் உட்காரச் சொன்னார். முன்னால் பின்னால் என்பதல்ல, பக்கம்தான் பிரச்சினை என்று விளக்கினேன். அப்படியென்றால் வீட்டிலிருந்தே தபாலில் படிக்கலாமே, கைக்குழந்தை வேறு இருக்கிறது என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு அதிகம் சுட்டது.

மறுநாள் யாரையும் கேட்காமல் வலது வரிசை முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்த இரண்டு பேரும் ஏதோ இன்ஸ்பெக்டர் வந்ததுபோல எழுந்து பின்னால் போய்விட்டார்கள். வகுப்பே சிரித்தது. சார் வந்தார், பார்த்தார், புத்தகத்தை மூடிவிட்டு என் இடத்துக்குப் போகச் சொன்னார். டெஸ்க்கைப் பிடித்துக்கொண்டேன்.

"இங்கே உட்கார்ந்தா நீங்க சொல்றது கேக்குது சார். அங்கே கேக்கல. நான் எழுந்திருக்க மாட்டேன்" என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னேன்.

வகுப்பு நடக்கவில்லை. பிரின்சிபால் மேடம் கூப்பிட்டு, யோசித்துவிட்டு நாளைக்கு வரச் சொன்னார்.

அன்று நான் வீடு சேர்வதற்குள் செய்தி சித்தூர் போய்ச் சேர்ந்துவிட்டது. என் வகுப்பில் படிக்கும் பெண் ஒருத்தி எங்கள் தெரு. மாமியார் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே கேட்டார்.

"ஏம்மே, ஆம்பளப் பசங்க பக்கமா போய் குந்திக்கினியாமே? ஊரே சிரிக்குது."

"தெனமும் பஸ்ல யார் பக்கத்துல உக்காந்துக்கினு போறேன்னு யாரும் கேக்கலியே அத்தை."

அவர் அடுத்த வாயைக் குழந்தைக்கு ஊட்டினார். எதிர்த்துப் பேசிவிட்டோமே என்று எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை.

மறுநாள் பிரின்சிபால் மேடத்திடம் போனேன். ஒருத்திக்காக மாற்றினால் நாளைக்கு ஆளாளுக்கு வந்து நிற்பார்கள் என்றார். வரட்டும் மேடம் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

"காது கேக்காதவங்க, கண்ணு தெரியாதவங்கன்னு எல்லாப் பிள்ளைங்களையும் ஒரே வகுப்புல வெச்சு எப்படிச் சொல்லித் தரணும்னு எங்களுக்கு ஒரு பேப்பரே இருக்கு மேடம். அதை எழுதி பாஸ் பண்ணச் சொல்றீங்க. அந்தப் பேப்பர் கிளாஸே எனக்குக் கேக்கல."

முடிவு பண்ணிச் சொல்கிறேன், அதுவரைக்கும் அங்கேயே உட்கார் என்றார் மேடம். அந்த முடிவை அவர் கடைசிவரை சொல்லவேயில்லை. சாரும் என்னைப் பார்க்காமலே பாடம் நடத்தினார். பார்க்காவிட்டால் என்ன, ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

சில வாரம் போனதும் நிறைமாத கர்ப்பிணியாக இருந்த ஒரு பெண் ஆண்கள் வரிசையில் வாசலோரம் இருந்த பெஞ்சுக்கு மாறினாள். அடிக்கடி வெளியே போய்வர அதுதான் வசதி. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சார் சாக்பீஸை எடுத்து அன்றைய தலைப்பை எழுத ஆரம்பித்தார்.

பி.எட். முடித்துவிட்டேன். மகளுக்கு மருந்து கொடுத்தால் அளவு சரிதானா என்று இன்றும் பாட்டிலைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறவள்தான் நான். அன்றைக்கு அந்த பெஞ்சிலிருந்து எழுந்திருக்காதது சரிதானா என்று மட்டும் ஒரு நாளும் என்னை நான் கேட்டுக்கொண்டதில்லை.