செல்லையா சுமந்த கொப்பி

பழைய பிரிட்டிஷ் படங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நான் ஓயமாட்டேன் என்று என் மனைவி ஐறீன் அலுத்துக்கொள்வாள். அந்தப் படங்களை என்னோடு உட்கார்ந்து பார்த்த செல்லையாவைப் பற்றி மட்டும் நான் வாய் திறப்பதில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு இருபது வருடத்துக்கு மேலாகக் குறுகுறுக்கிறது.

கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் நான் தலைமைக் கிளாக், செல்லையா பியோன். தேநீர் போடுவார், கடிதக் கட்டுகளை மேசை மேசையாகக் கொண்டுபோவார். இருவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. ஆனாலும் அவர் என்னை ஐயா என்றார், நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அதுதான் ஒழுங்கு என்று நினைத்திருந்தேன்.

அவருக்கு இங்கிலிஷ் எழுத்துக்கூட்டக்கூட வராது. ஆனால் படம் பார்க்கிற கண் இருந்தது. கித்துல்கலை ஆற்றில் இங்கிலிஷ் டைரக்டர் டேவிட் லீன் பாலம் போட்டுப் படம் பிடித்தபோது அங்கே பலகை சுமந்த கூலிகளில் அவருடைய அப்பாவும் ஒருவராம். “வெயில் சரியில்லைன்னு அந்தத் தொர நாள் முழுக்கச் சும்மா குந்தியிருப்பாராம்” என்று சொல்லிச் சிரிப்பார். வெயிலுக்காகக் காத்திருந்த மனிதர் அப்படி என்னதான் எடுத்தார் என்று பார்க்கும் ஆசை அவருக்குச் சின்ன வயதிலேயே பிடித்துவிட்டது.

கொள்ளுப்பிட்டியில் ஒரு நூலக மண்டபத்தில் சனிக்கிழமை மூன்று மணிக்குப் பழைய படங்கள் காட்டுவார்கள். பாவம் பார்த்து ஒருநாள் செல்லையாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமையும் அவர் தவறவில்லை. வசனத்தைக் காதுக்குள் சொல்லப் போனால், “சும்மா இருங்கய்யா, பாக்கவுடுங்க” என்பார். திரும்பும் வழியில் பஸ்ஸில் லீன் பெரியவரா, இன்னொரு டைரக்டர் கரோல் றீட் பெரியவரா என்று சண்டை நடக்கும்.

“லீன் தொர எல்லாத்தையும் எட்ட நின்னு பாக்குறாரு. றீட் தொர ஆளுகிட்ட வந்து நிக்கிறாரு. பயந்தவன் மூஞ்சி அவருக்குத்தான் தெரியும்” என்பது செல்லையாவின் கட்சி. புத்தகம் புத்தகமாகப் படித்த எனக்கு எரிச்சல்தான் வரும்.

எனக்கு ஒரு பழக்கம். பிடித்த காட்சிகளை ஒரு கொப்பியில் வரைந்துவைப்பேன். கமரா எங்கே, ஆள் எங்கே, எந்தப் பக்கம் நடக்கிறான், எத்தனை விநாடி என்று அம்புக்குறி போட்டு இங்கிலிஷில் எழுதுவேன். அந்தக் கொப்பியைச் சுமப்பது செல்லையாவின் துணிப்பை. நானே தூக்கினால் என் தோள் தேய்ந்துவிடுமாக்கும்!

தெஹிவளையில் ரயிலில் குண்டு வெடித்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை. அந்தச் சனிக்கிழமைப் படம் ஒரு சின்ன ரயில் நிலையத்தில் நடக்கிற கதை. நான்கு பக்கம் நிரப்பியிருந்தேன். மேடை, தண்டவாளத்துக்கு மேலே பாலம், மணிக்கூடு, ரயில் வரும் நேரம், அம்புக்குறிகள். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்தடியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து பிறப்புப் பதிவும் இல்லாத செல்லையாவிடம் அடையாள அட்டை கிடையாது, கம்பனிக் கடிதம் மட்டுந்தான். பையைக் கொட்டினார்கள். கொப்பி விழுந்தது. அதைப் புரட்டிய சிப்பாயின் முகம் மாறிப்போனது.

“மேக்க காகெத?” இது யாருடையது என்று கேட்டான்.

செல்லையா என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தரம். நான் பஸ்ஸின் நம்பரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“மகே, மாத்தயா” என்றார். என்னுடையதுதான், ஐயா.

இவன் உன்னோடு வந்தவனா என்று இன்னொரு சிப்பாய் என்னைச் சிங்களத்தில் கேட்டான். இல்லையென்று தலையாட்டினேன். போகச் சொன்னார்கள். போனேன்.

திங்கட்கிழமை செல்லையாவின் மனைவி வெள்ளையம்மா கம்பனிக் கந்தோருக்கு வந்துவிட்டாள். “ஐயா, ஒங்ககூடத்தானே படத்துக்கு வந்தாரு?”

“ஓம், வந்தவர்தான். நான் பம்பலப்பிட்டியிலேயே இறங்கிட்டன் வெள்ளையம்மா. பிறகு நடந்தது எனக்குத் தெரியாது.” பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அவளே தேடி அலைந்து எந்தக் காவல் நிலையம் என்று கண்டுபிடித்தாள். மனேஜர் பொலிசுக்கு ஒரு கடிதம் கொடுத்தார். ‘இவரை நாம் பல வருடங்களாக நன்கு அறிவோம்’ என்று அதில் டைப் அடித்தவன் நான்தான். கையெழுத்து மனேஜருடையது.

பதினோராம் நாள் விட்டார்கள். கிருலப்பனையில் அவர்கள் இருந்த ஒற்றை அறைக்குப் போனேன். வலக்கை விரல்கள் வீங்கியிருந்தன. “நல்லவேள, ஐயா முன்னாடியே எறங்கிட்டீங்க. இல்லாட்டி ஒங்களையும் புடிச்சிருப்பாங்க” என்றாள் வெள்ளையம்மா.

“ஆமா, ஐயா முன்னாடியே எறங்கிட்டாரு” என்றார் செல்லையா.

அவள் தேநீர் போட வெளியே அடுப்படிக்குப் போனதும் மெதுவாகச் சொன்னார். “கொப்பியப் படின்னாங்க. எனக்கு எங்க படிக்கத் தெரியும்? படத்தக் காட்டிக் கதைய சொன்னேன். இங்க அந்தப் பொண்ணு நிக்குது, கமரா கீழ இருக்கு, அவன் பாலத்து மேல வாரான்னு. பெரிய மாத்தயா நல்லாக் கேட்டாரு. சினிமாதான்னு நம்பிட்டாரு.”

“பிறகேன் விடேல்ல?”

“எழுதத் தெரியாதவன் கொப்பியில எழுத்து எப்படி வந்துச்சுன்னாங்க. எழுதுனவன் யாருன்னு கேட்டுக் கேட்டுத்தான் அடிச்சாங்க.”

நான் அடுப்படிப் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டேன். “என்ன சொன்னீர்?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “எழுதுனவரு செத்துப்போயிட்டாருன்னு சொல்லிட்டேங்க. வேற ஒண்ணும் தோணல. உசிரோட இருக்கிறவர அப்படிச் சொல்லப்படாது. மனசுல வச்சிக்காதீங்க, ஐயா.”

நான், “பரவாயில்லை, செல்லையா” என்றேன்.