தம்பிக்குப் போன என் வருடம்

“பிறந்த வருஷமே சரியாத் தெரியாத ஆள், நீங்க பிள்ளைகளுக்கு என்னத்தைப் படிப்பிக்கப் போறீங்க?”

அரசாங்கக் கச்சேரி அலுவலக யன்னலுக்குள் இருந்த எழுத்தர் போன மாதம் இப்படிக் கேட்டார். ஆசிரிய கலாசாலை திருப்பி அனுப்பிய என் விண்ணப்பம் அவர் மேசையில் கிடந்தது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின்படி, வயதெல்லையை ஒரு வருடம் தாண்டிவிட்டேனாம்.

எங்கள் வீட்டில் தேதி கிடையாது, உலகம்தான் உண்டு. கிண்ணியாவிலிருந்து துறை கடந்து போய்த் துறைமுகத்தில் மூட்டை இறக்கிய வாப்பாவுக்குச் செய்தியெல்லாம் கப்பலில்தான் வரும். யப்பான்காரன் குண்டு போட்ட கிழமை என் அக்கா, மூத்த ராத்தா, பிறந்தா. சந்திரனில் மனிதன் இறங்கிய அன்று எங்கள் ஆடு இரண்டு குட்டி போட்டது. வாப்பாவுக்கு அதுதான் பெரிய செய்தி. நான் பிறந்தது, வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தைக் கையளித்த வருடம்.

“கொடிய இறக்கி மடிச்சான். நான் ஊட்டுக்கு வந்தா, நீ கிடந்து கத்துறாய்” என்பார். பள்ளிக்கூடத்தில் இதை எத்தனை பேருக்குப் பெருமையடித்திருப்பேன்!

பத்திரத்திலோ அதற்கு முந்திய வருடம்: சூயஸ் கால்வாய் மூடப்பட்டுக் கப்பல்கள் சுற்றிப்போன வருடம். வாப்பாவிடம் நீட்டினேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்:

“தம்பிக்கு ஹார்பர்ல வேல எடுக்க ஒரு வயசு பத்தாமப் போச்சு. ஒன்ட வருஷத்த அவனுக்குக் குடுத்தன். ஒன்ன ஒண்டு முன்னுக்குத் தள்ளினன்.”

“என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே, வாப்பா?”

“நீ ஊட்டோட இருக்கிற புள்ளதானே. ஒனக்கு என்னத்துக்கு வருஷம்?”

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் எழுத்துப் படித்தவள் நான். அன்று வயதை மாற்றிய சத்தியக் கடதாசியில் பெருவிரலை எங்கே வைப்பதென்று அவருக்குக் காட்டியதும் நான்தான். வாப்பாவின் கடதாசிதானே என்று வாசிக்கவில்லை. படித்த பெண்ணின் இலட்சணம்!

தம்பி சிரித்தான். “ஒரு வருஷத்தில கிழவியாகிட மாட்டீங்க, ராத்தா.”

தளம் எப்போதோ போய்விட்டது. இப்போது வாப்பாவின் கொடிக் கதையும் போய்விட்டது. அயலார் கேட்டால், “மறந்து போச்சு” என்று எழுந்து போகிறார்.

நான் பிறந்தபோது பிரசவம் பார்த்த மருத்துவிச்சி மாமி மூதூரில் இருக்கிறா. புதன்கிழமை அவவைக் கூட்டிக்கொண்டு பதிவாளரிடம் போனேன். மாமி சாட்சி சொன்னா. பதிவாளர் பேனையை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

“இதத் திருத்தினா உங்கட தம்பிர வயசையும் விசாரிப்பாங்க. வேலயும் போகலாம். தெரியுமா?”

“ஓம், தெரியும். எழுதுங்க” என்றேன்.